தாத்தாவின் வெண்பா: ஈற்றடியில் 'நினைத்து'தானா?

சிப்புட்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியா, சுங்கை சிப்புட். ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் பழைய கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முன்பாதி முழுக்கக் கடைக் கணக்கு. பின்பாதியில் தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பிலிருந்து கத்தரித்து ஒட்டிய கவிதைகள், நடுநடுவே அவரே எழுதிய சில பாட்டுகள். அவர் எழுதுவார் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. அதில் ஒன்று:

காலைப் பனியில் கறந்தெடுத்த மங்குபால்
ஆலைக்குப் போகும் அளந்தபடி – சேலை
நனைத்தபால் யார்க்கென்று நான் அறியேன் தொட்டில்
நினைத்து அழும் பிள்ளைக்கு நீர்

(மங்கு என்பது ரப்பர் மரத்துப் பால் வடியும் கிண்ணம்.) மேலே 'வெண்பா' என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். என் மகள் படிவம் நான்கில் தமிழ் இலக்கியம் எடுத்திருக்கிறாள். அவளிடம் காட்டினேன். "கடைசி அடியில் நாலு சீர் வருதுப்பா, வெண்பான்னா மூணுதானே வரணும்" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தாத்தா தப்பாக எழுதிவிட்டாரா? அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தப்பு என்றாலும் மனம் வருந்தாது, உள்ளதைச் சொல்லுங்கள். நாலாம் அடி முதல் சொல்லில் ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது. 'நினைத்து' என்று படித்திருக்கிறேன்.

காரிகை மாணவன்

சார், முதலில் மகளுக்கு ஒரு பாராட்டு. சீரை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே பெரிது.

தாத்தா தப்பு செய்யவில்லை. நீங்கள் படியெடுக்கும்போது சொற்களைப் பிரித்துவிட்டீர்கள். புத்தகத்தில் 'நானறியேன்', 'நினைத்தழும்' என்று சேர்ந்து இருக்கும், பாருங்கள். 'நினைத்து' குற்றியலுகரத்தில் முடியும் சொல். அடுத்து 'அழும்' என்று உயிர் வந்தால் அந்த உகரம் போய்விடும். நன்னூல் சொல்வதும் அதுதான்: உயிர் வந்தால் குற்றியலுகரம் மெய்யை விட்டு ஓடும். சேர்த்து எழுதினால் இப்படி:

காலைப் பனியில் கறந்தெடுத்த மங்குபால்
ஆலைக்குப் போகும் அளந்தபடி – சேலை
நனைத்தபால் யார்க்கென்று நானறியேன் தொட்டில்
நினைத்தழும் பிள்ளைக்கு நீர்.

இப்போது ஈற்றடி முச்சீர். தளையும், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையும், பார்த்துவிட்டேன். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர், இவ்வளவுதான் விதி. 'காலைப்' தேமா, அடுத்து 'பனியில்' நிரையில் தொடங்குகிறது. 'பனியில்' புளிமா, அடுத்து 'கறந்தெடுத்த' நிரை. அது காய்ச்சீர், அடுத்து 'மங்குபால்' நேர். இப்படியே கடைசிச் சீர்வரை போகலாம். ஓர் இடத்திலும் தட்டவில்லை. அடி மாறும் இடங்களில்தான் பெரும்பாலும் எல்லாரும் இடறுவோம். 'சேலை' முடிந்து 'நனைத்தபால்', 'தொட்டில்' முடிந்து 'நினைத்தழும்', இரண்டும் மாமுன் நிரை. கடைசிச் சீர் 'நீர்', நாள் என்னும் வாய்பாடு.

இரண்டாம் அடியின் கடைசியில் 'சேலை' தனிச்சொல்லாக நிற்கிறது. காலை, ஆலை, சேலை ஓர் எதுகை; நனைத்த, நினைத்த இன்னோர் எதுகை. ஆகவே இது இரு விகற்ப நேரிசை வெண்பா. 'காரிகை (யாப்பிலக்கண நூல்) கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்று' என்று அலுத்துக்கொண்ட புலவர்கள் உண்டு. மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு தோட்டத்து மனிதர் இதைச் சுத்தமாகக் கட்டியிருக்கிறார்.

கூலிம் வாணி

அண்ணே, ஒரு சந்தேகம். மங்கு, பால் இரண்டும் தனித்தனிச் சொல்தானே? அப்படியானால் மங்/கு/பால், நேர் நேர் நேர், தேமாங்காய். நீங்கள் அதைக் கூவிளம் என்று எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

காரிகை மாணவன்

வாணி, அசை பிரிக்கும்போது சொல்லின் எல்லையைப் பார்க்க வேண்டாம், சீருக்குள் எழுத்துகள் எப்படி ஓடுகின்றன என்று மட்டும் பாருங்கள். ம-ங் நேர். அப்புறம் கு-பா-ல்: குறில், நெடில், ஒற்று சேர்ந்து நிரை. ஆகவே கூவிளம். இங்கே ஒரு வசதி: காய் என்று எடுத்தாலும் விளம் என்று எடுத்தாலும் அடுத்து நேர்தான் வர வேண்டும், 'ஆலைக்குப்' நேரில்தான் தொடங்குகிறது. அதனால் பிரிப்பு தவறினாலும் தளை தவறியது கண்ணில் படாது. எல்லா இடத்திலும் இப்படி அமையாது, பழகிக்கொள்ளுங்கள்.

லயத்து அக்கா

நான் இருபத்தெட்டு வருஷம் ரப்பர் மரம் வெட்டியவள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள். இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தப் பாட்டில் ஒரு சொல் என்னைத் தூங்க விடவில்லை.

'கறந்தெடுத்த'. தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டோம். 'மரம் வெட்டப் போறேன்', 'பால் எடுக்கப் போறேன்' என்றுதான் பேச்சு. வெட்டி, மங்கை மாட்டி, அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டே இருப்போம். நிரை (மர வரிசை) முழுக்க வெட்டி முடித்த பிறகுதான் திரும்பி வந்து மங்கு மங்காக வாளியில் ஊற்றுவது. கறப்பது மாட்டிடம்தான். அவர் தோட்டத்திலேயே இருந்தவர், இது தெரியாமல் எழுதியிருக்க மாட்டார். தெரிந்தேதான் போட்டிருக்கிறார்.

'காலைப் பனியில்' என்பதும் சும்மா அழகுக்கு இல்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். குளிர் இருக்கும்போது வெட்டினால்தான் மரம் நன்றாகக் கொடுக்கும். அதனால்தான் இருட்டோடு பிரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. தாய் எழுந்து போகும்போது பிள்ளை தூக்கத்தில் இருக்கும். அப்படியே தூக்கிக்கொண்டு போய், பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விடுவது.

ஒரு குறையும் சொல்கிறேன், தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். 'ஆலை' என்று நாங்கள் சொன்னதே இல்லை. பாலைக் கொண்டுபோய் அளக்கிற இடத்தை ஸ்டோர் என்போம். எதுகைக்காக வந்த சொல் அது என்று நினைக்கிறேன்.

சிப்புட்காரன்

கோபமெல்லாம் இல்லை அக்கா. 'கறந்தெடுத்த' பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். இத்தனை நாள் அந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கடந்து போயிருக்கிறேன்.

தைப்பிங் டீச்சர்

லயத்து அக்கா சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். 'கறந்தெடுத்த' என்ற ஒரு வினையால் மரம் பசுவாகிவிடுகிறது. உவமை உருபு இல்லை, 'மரமாகிய பசு' என்ற உருவகமும் வெளிப்படையாக இல்லை. வினைச்சொல் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அப்புறம் 'பால்'. முதல் அடியில் மரத்துப் பால், மூன்றாம் அடியில் தாய்ப்பால். இதைச் சிலேடை என்று மாணவர்கள் எழுதுவார்கள், நானும் பல வருஷம் திருத்தியிருக்கிறேன். சிலேடை என்றால் ஒரு சொல் ஒரே இடத்தில் நின்று இரண்டு பொருள் தர வேண்டும். இங்கே சொல் இரண்டு இடத்தில் வருகிறது, இடத்துக்கு ஒரு பொருள். தண்டியலங்காரம் இதைப் பின்வருநிலையணி என்கிறது. சொல் மட்டும் திரும்பி வந்து பொருள் மாறினால் சொல் பின்வருநிலையணி. தேர்வில் எழுதுகிறவர்கள் கவனியுங்கள்.

இந்தப் பாட்டில் சிலேடை இருந்தால் அது 'அளந்தபடி'யில் இருக்கிறது. அளந்தவாறு என்பது ஒரு பொருள். அளந்த படி, நாழி படி என்கிற அளவைப் படி, இன்னொரு பொருள். ஸ்டோருக்குப் போகும் பாலுக்கு அளவு உண்டு, அளவுக்குக் கூலி உண்டு. சேலை நனைத்த பாலுக்கு அளவே இல்லை. தனிச்சொல்லுக்கு முன்னால் உள்ள அந்தக் கோட்டில் குரல் நின்றுதான் ஆக வேண்டும். 'அளந்தபடி' என்று கணக்கு முடிகிறது, ஒரு நிறுத்தம், பிறகு 'சேலை'. அந்தச் சேலை அங்கே முடியாமல் அடுத்த அடிக்கு வழிந்து 'நனைத்தபால்' என்று போய்ச் சேருகிறது. நேரிசை வெண்பாவின் தனிச்சொல்லை இவ்வளவு பொருத்தமாகப் பயன்படுத்தியதை நான் அடிக்கடி பார்த்ததில்லை. வகுப்பில் 'தனிச்சொல் எதுகைக்காக வரும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

'நீர்' எது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஆயா புகட்டும் சீனித் தண்ணீரா, பிள்ளையின் கண்ணீரா?

கூலிம் வாணி

டீச்சர், இரண்டுமாக இருக்கக்கூடாதா?

இன்னொன்று. மை பரவியிருக்கிறது என்றார் சார். அது 'நனைத்தழும்' ஆக இருந்தால்? தொட்டிலை நனைத்துவிட்டு அழும் பிள்ளை. கைக்குழந்தை அதைத்தானே செய்யும்? தொட்டிலை 'நினைத்து' அழும் பிள்ளை என்றால் எனக்குப் பொருளே சரியாக வரவில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை தொட்டிலை எதற்கு நினைக்க வேண்டும்? 'நனைத்தபால்', 'நனைத்தழும்' என்று இரண்டு அடியும் ஒரே சொல்லில் தொடங்கினால் தாய் பக்கம் ஈரம், பிள்ளை பக்கம் ஈரம் என்று வரும். எனக்கு இது நெஞ்சைத் தொடுகிறது.

காரிகை மாணவன்

நல்ல கேள்வி. தளை இதற்குத் தீர்ப்புச் சொல்லாது. நினைத்தழும், நனைத்தழும் இரண்டும் கருவிளம். எதுகையும் சொல்லாது, இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'னை'.

மோனை சொல்லும். பாருங்கள்: காலை – கறந்தெடுத்த. ஆலை – அளந்தபடி. நனைத்த – நானறியேன். எல்லாம் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் இடையே, பொழிப்பு மோனை. மூன்று அடியிலும் மெய்யோடு உயிரினமும் சேர்ந்து அமைந்திருக்கிறது: கா-க, ஆ-அ, ந-நா. நான்காம் அடியில் மூன்றாம் சீர் 'நீர்'. 'நினைத்தழும்' என்றால் நி-நீ, கச்சிதம். 'நனைத்தழும்' என்றால் ந-நீ. வருக்க மோனை என்று ஏற்கலாம், ஆனால் மற்ற மூன்று அடியிலும் இவ்வளவு கவனமாக இருந்தவர் கடைசி அடியில் மட்டும் ஏன் தளர வேண்டும்? என் வாக்கு 'நினைத்து'.

தைப்பிங் டீச்சர்

மோனைக்காகப் பொருளை விடக்கூடாது. வாணி கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும். தொட்டிலை நினைத்து அழும் பிள்ளை என்றால் என்ன பொருள்?

லயத்து அக்கா

அதை நான் சொல்கிறேன், டீச்சர்.

ஆயாக்கொட்டகையில் வீட்டுத் தொட்டில் கிடையாது. எங்கள் தோட்டத்தில் பாய் விரித்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். வீட்டுத் தொட்டில் என்பது அம்மாவின் பழைய சேலை, உத்தரத்தில் கட்டியது. அதில் அம்மா வாசம் இருக்கும். அந்த வாசம் இல்லாத இடத்தில் பிள்ளை அழும், ஆயா என்ன தட்டினாலும் அடங்காது. என் மூத்தவன் அப்படித்தான் அழுதான். அப்புறம் என் கைலி ஒன்றை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன், அதைப் போர்த்தினால் தூங்கினான். தொட்டிலை நினைத்து அழுவது என்றால் இதுதான். பாட்டில் சேலையும் தொட்டிலும் அடுத்தடுத்த அடியில் வருகிறது. இரண்டும் ஒரே துணி.

இன்னொன்றும் தோன்றுகிறது. நான் வேலைக்குப் போன காலத்தில் பெண்கள் கைலியும் நீளக்கைச் சட்டையும்தான். சேலை கட்டி மரம் வெட்டியது எங்கள் அம்மா காலம். அதனால் இது பழைய பாட்டாக இருக்க வேண்டும். அப்போது பேறுகால விடுப்பு 60 நாள். சட்டத்தில் அது 98 நாளாக ஆனதே 2023 ஜனவரியில்தான். இரண்டு மாதப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவளுக்கு நேரம் ஏற ஏற மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், பால் தானாக வழியும். யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

கூலிம் வாணி

அக்கா, நன்றி. 'நினைத்து' இப்போது புரிகிறது. என் யூகத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

சிப்புட்காரன்

இரண்டு நாளாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். அத்தையைப் பார்க்க ஈப்போவுக்குப் போயிருந்தேன், புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு.

முதலில் நான் சொல்ல மறந்த ஒன்று. நீங்கள் எல்லாரும் பாட்டில் பேசுவது தாய் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தாத்தா மரம் வெட்டவில்லை. ஸ்டோரில் இருந்தார். பால் அளந்தவர் அவர்தான். பாட்டிதான் வெட்டு வேலை. தினமும் மதியம் பாட்டி வாளிகளோடு வரிசையில் நின்று, தாத்தா முன்னால் வந்து ஊற்றுவாராம்.

தைப்பிங் டீச்சர்

சார், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்!

ஆண் புலவர் பெண் கூற்றாகப் பாடுவது நமக்குச் சங்க காலத்திலிருந்து உள்ள மரபு. அந்தப் பழக்கத்தில் 'நான்' என்றதும் தாய் என்று முடிவு செய்துவிட்டோம். இப்போது 'நானறியேன்' என்பதை மறுபடி படித்துப் பாருங்கள். தாய் சொன்னால் அது ஆற்றாமை. அளக்கிறவர் சொன்னால்? அவர் எல்லாப் பாலுக்கும் கணக்கு எழுதுகிறவர். இந்த ஒரு பாலுக்குத்தான் அவரிடம் கணக்கில்லை. எதிரே நிற்பது சொந்த மனைவி, சேலை நனைந்திருக்கிறது, அழுகிற பிள்ளை அவருடைய பிள்ளை. யாருக்கு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே 'அறியேன்' என்கிறார்.

லயத்து அக்கா

ஸ்டோரில் அளந்தவரா? அப்படியானால் 'நீர்' எதுவென்று எனக்குத் தெரியும்.

ஸ்டோரில் எடையை மட்டும் பார்க்கமாட்டார்கள். பாலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். மெட்ரோலாக் என்று ஒரு மிதவை, பாலில் விட்டால் எவ்வளவு ரப்பர் என்று காட்டும். மழைத் தண்ணீர் மங்கில் விழுந்திருந்தால் கணக்குக் குறையும், கூலியும் குறையும். பாலா நீரா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலையே. அவர் பாட்டைப் பாலில் தொடங்கி நீரில் முடித்திருக்கிறார்.

காரிகை மாணவன்

அக்கா, இத்தனை நாள் சீர் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவில்லை. முரண் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். 'பிள்ளைக்கு' என்ற மூவசைச் சீருக்குப் பிறகு ஓரசையில் 'நீர்' என்று வெட்டென நிற்பதை மட்டும்தான் காதில் கேட்டேன்.

'ஆலை' பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அது கொஞ்சம் இழுத்துப் போட்ட சொல்தான், அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தன் வேலையிடத்தை ஸ்டோர் என்று எழுதாமல் மறைத்திருக்கிறாரோ என்றும் இப்போது தோன்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை, விட்டுவிடுவோம்.

சார், புத்தகத்தில் அந்தச் சொல்லை மறுபடி பார்த்தீர்களா?

சிப்புட்காரன்

பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அத்தை வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். பாட்டு முழுக்க நீல மை. அந்த ஒரு சொல்லில் மட்டும் ந-வின் தலைமேல் உள்ள இகரக் கொக்கி கறுப்பு மை. முதலில் 'நனைத்தழும்' என்றுதான் எழுதியிருக்கிறார், வாணி. பிறகு எப்போதோ வேறு பேனாவால் அந்தக் கொக்கியைப் போட்டு 'நினைத்தழும்' ஆக்கியிருக்கிறார். ஈரம் பட்டதில் நீலம் பரவியிருக்கிறது, கறுப்பு அப்படியே இருக்கிறது.

தொட்டிலில் கிடந்த பிள்ளை அத்தைதான். வீட்டில் முதல் குழந்தை. பாட்டை நான் வாசித்துக் காட்டியதும் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்பா வேலை விட்டு வந்ததும் நேரா கொட்டகைக்கு வந்து என்னத் தூக்குவாராம். அம்மா சொல்லியிருக்கா. மத்த ஆம்பளைங்க யாரும் அங்க வரமாட்டாங்களாம்."

கூலிம் வாணி

மோனைக்காகத் திருத்தியிருப்பாரா, இல்லை பிள்ளை எதற்கு அழுகிறது என்று பின்னால் புரிந்து திருத்தியிருப்பாரா?

காரிகை மாணவன்

பாட்டு எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டையும் பிரிக்க முடியாது. மோனை இடிக்கிறது என்று சொல்லைத் தேடுவோம், கிடைக்கிற சொல் நாம் சொல்ல நினைத்ததைவிடச் சரியாக இருக்கும். எனக்கு அப்படி ஒன்றிரண்டு முறைதான் நடந்திருக்கிறது.

சிப்புட்காரன்

மகளிடம் இந்த இழையை முழுக்கக் காட்டினேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து நாலு அடியையும் அவளே அலகிட்டாள், பதினைந்து சீர், எல்லாம் சரியாக வந்தது. 'மங்குபால்' கூவிளம் என்று அவளுக்கும் முதலில் வரவில்லை.

அடுத்த பக்கத்தில் இன்னொரு வெண்பா இருக்கிறது. தனிச்சொல் வரை முழுசாக இருக்கிறது. மூன்றாம் அடியில் மூன்று சீர், அதற்குமேல் காலி. நாளைக்குச் சொற்களைப் பிரிக்காமல், அவர் எழுதியபடியே இங்கே போடுகிறேன்.